ஓஸ் பிடிக்கிற கை

திரேஸ்புரத்தில் பிறந்து, நடை பழகுமுன் வள்ளத்தில் ஏறி, இப்போது நாற்பத்தைந்தைத் தாண்டிவிட்ட ஜேசுபாதத்துக்குக் கடலுக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாது. சிரிக்காதீர்கள், இது நிஜம். இளவட்டமாக இருந்தபோது சங்கு குளிக்க முதல் தடவையாக இறங்கினார். பாதி ஆழம் போவதற்குள் வலது காது வெடித்து, ரத்தம் ஒழுக மேலே வந்தார். இனிமேல் இவன் இறங்க லாயக்கில்லை என்று வள்ளத்தின் விளிம்பில் உட்காரவைத்துக் கையில் ஓஸை, அதாவது காற்றுக் குழாயைக் கொடுத்தார்கள். அன்றிலிருந்து அவர் ஓஸ் பிடிக்கிறவர்.

அது என்ன பெரிய உத்தியோகம் என்று கேட்கிறவர்கள் ஊரிலேயே உண்டு. வள்ளத்தில் கம்ப்ரசர் ஓடும். அதிலிருந்து போகிற ஓஸை இடுப்பில் ஒரு சுற்று கட்டி, முனையைப் பல்லால் கடித்துக்கொண்டு ஒருவன் அடியில் மணலைத் தடவிச் சங்கு எடுப்பான். மேலே இருக்கிறவர் அந்த ஓஸை முழங்கையில் ஒரு வளைவு போட்டுப் பிடித்துக்கொண்டு தண்ணீரைப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான். கீழே இருப்பவன் விடுகிற மூச்சு குமிழியாக மேலே வந்து உடையும். குமிழி வந்தால் ஆள் இருக்கிறான். குமிழி நின்றால் இழுக்க வேண்டும். ஏன் நின்றது, எதற்கு நின்றது என்று யோசிக்கிறவன் கரைக்குப் பிணத்தோடுதான் திரும்புவான். முதலில் இழு, பிறகு கேள். இதுதான் சட்டம்.

இந்தச் சட்டத்தை ஜேசுபாதம் அளவுக்குக் காப்பாற்றியவர் அந்தக் கரையில் இல்லை. ஓஸ் கையில் இருக்கும்போது பேசமாட்டார், பீடி பற்றவைக்கமாட்டார், தும்மல் வந்தால்கூடக் கண்ணைத் திறந்துகொண்டுதான் தும்முவார் என்பார்கள். அவருக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில் காப்பித் தம்ளரில் நுரை உடைவதையே பார்த்துக்கொண்டிருந்தார், பெண்ணைப் பார்க்கவில்லை என்று ஒரு கதை உண்டு. அந்தப் பெண் வேம்பாரில் வாழ்க்கைப்பட்டு இரண்டு பிள்ளைகளோடு சௌக்கியமாக இருக்கிறாள். இவருக்குக் கல்யாணம் என்று ஒன்று நடக்கவே இல்லை.

அவருக்கு இருந்த ஒரே ஒட்டு, தங்கை தஸ்நேவிஸ். நேவிஸ் என்று கூப்பிடுவார்கள். அவளைக் கேட்டு வந்தவன் கிளைட்டன். சங்கு குளிப்பதில் சூரன், ஆனால் வாய்த்துடுக்குக்காரன். குளியாளுக்குத் தங்கையைக் கொடுப்பதா என்று ஜேசுபாதம் தயங்கினார். நேவிஸ்தான் சொன்னாள், "அவுருக்கு ஓஸ் பிடிக்கது நீயா இருந்தா எனக்குச் சம்மதம்ணே." அப்படியே ஆயிற்று. கல்யாணமான நாளிலிருந்து கிளைட்டன் இறங்குகிற வள்ளத்தில் வேறு யார் கையும் ஓஸைத் தொட்டதில்லை. ஒரு தடவை கம்ப்ரசர் பெல்ட் அறுந்தது. இன்னொரு தடவை புகை ஓஸுக்குள் போய் அடியிலேயே மயங்கிவிட்டான். இரண்டு தடவையும் குமிழி நின்றது, ஜேசுபாதத்தின் கை இழுத்தது, கிளைட்டன் மேலே வந்து கடலில் காறித் துப்பி, "என்ன மச்சான், தூங்கவும் விடமாட்டியா?" என்று கேட்டான்.

மூன்றாவது தடவை அவனே வந்துவிட்டான். அடியில் என்ன பார்த்து மிரண்டானோ, யாருக்கும் தெரியாது. ஓஸை வாயிலிருந்து விட்டுவிட்டு, மூச்சை அடக்கிக்கொண்டு ஒரே உந்தில் மேலே வந்தான். வள்ளத்தில் தூக்கிப் போட்டபோது உதடு நாவற்பழ நிறத்தில் இருந்தது. நெஞ்சின் வலப்பக்கம் கையை வைத்து அழுத்திக்கொண்டு, "குத்துது மச்சான், குத்துது" என்று மட்டும் சொன்னான். பேச்சுக்குப் பேச்சு நக்கலடிக்கிறவன் நக்கலடிக்காததைப் பார்த்ததும் ஜேசுபாதம் வள்ளத்தைக் கரைக்குத் திருப்பச் சொன்னார்.

பெரியாஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்து, வலது நுரையீரல் சுருங்கிக் கிடக்கிறது, வெளியே கசிந்த காற்று அதை அமுக்குகிறது என்றார்கள். விலாவில் துளை போட்டு ஒரு குழாயைச் செருகி, குழாயின் மறு முனையைத் தண்ணீர் உள்ள ஒரு பாட்டிலில் முக்கித் தரையில் வைத்தார்கள். பாட்டிலுக்குள் குமிழி வந்துகொண்டே இருந்தது. ஜேசுபாதம் அதைப் பார்த்ததும் கொஞ்சம் தைரியமானார். ஊசியோ மாத்திரையோ அவருக்குப் புரியாது, இது புரியும். குமிழி வருகிறது, ஆள் இருக்கிறான். டாக்டர்கள் அதே குமிழியைப் பார்த்து முகம் சுளித்தார்கள். ஒரு வாரம் தாண்டியும் நிற்கவில்லையே என்றார்கள். அவர்கள் ஏன் வருத்தப்படுகிறார்கள் என்று அவருக்கு விளங்கவில்லை.

அங்கிருந்து அனுப்பித்தான் டாக்டர் சுப்ரஜாவிடம் வந்தார்கள். ஆழ்வார்திருநகரிப் பக்கத்துப் பெண், ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நுரையீரல் அறுவை சிகிச்சை செய்கிறவர். அலட்டல் இல்லை. நேவிஸையும் ஜேசுபாதத்தையும் எதிரே உட்காரவைத்து, நுரையீரலின் உச்சியில் பெரிய கொப்புளங்கள் இருக்கின்றன, அதில் ஒன்று உடைந்துவிட்டது, உடைந்ததையும் உடையப் போவதையும் சேர்த்து வெட்டி எடுக்க வேண்டும் என்று சொன்னார்.

"நெஞ்சைப் பொளப்பீங்களாம்மா?" என்று நேவிஸ் கேட்டாள்.

"இல்லம்மா. அதெல்லாம் அந்தக் காலம். விலாவுல சின்னச் சின்னத் துளைதான். ஒண்ணு வழியா கேமரா போகும். மத்ததுல கருவி போகும். நான் உள்ள எட்டிப் பாக்கவே மாட்டேன், டிவியப் பாத்துத்தான் செய்வேன்."

பென்சில் கனத்தில் ஒரு நீளக் கம்பியை எடுத்து, இதுதான் கேமரா என்று காட்டினார். அதன் நுனிக் கண்ணாடி சாய்வாக வெட்டியிருந்தது. கம்பியைத் திருப்பினால் நுரையீரலின் முதுகுப் பக்கம்கூடத் தெரியும், வெறும் கண்ணுக்குத் தெரிவதைவிடப் பல மடங்கு பெரிதாகத் தெரியும் என்றார். போதாதற்குக் கையில் ஒரு பச்சைச் சாயத்தை ஊசியாகப் போட்டு, வேறு ஒரு வெளிச்சத்தில் பார்ப்பார்களாம். ரத்தம் ஓடுகிற இடம் பச்சையாக ஒளிரும், கொப்புளம் இருட்டாக நிற்கும். எங்கே வெட்டுவது என்ற கோடு தானாகத் தெரிந்துவிடும்.

ஜேசுபாதத்துக்கு இதில் பாதி புரிந்தது. புரிந்த பாதியிலிருந்து ஒரு கேள்வி கேட்டார். "கேமரா உள்ள நிக்கும்போது மூச்சு எப்படிம்மா விடுவான்?"

"அந்தப் பக்கத்து நுரையீரலைக் கொஞ்ச நேரம் நிறுத்தி வச்சிருவோம். இன்னொண்ணு பாத்துக்கும்."

நிறுத்தி வைத்துவிடுவோம் என்று ஒரு டாக்டரம்மா இவ்வளவு சாதாரணமாகச் சொன்னதைக் கேட்டு அவருக்கு உள்ளங்கை வியர்த்தது. கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் பின்னால் நடந்ததற்கு டாக்டரும் பொறுப்பில்லை, கேமராவும் பொறுப்பில்லை. கொப்புளங்கள் போயின, நுரையீரல் விரிந்தது. கிளைட்டன் வார்டுக்கு வந்தபோது விலாவில் ஒரு குழாய், தரையில் ஒரு பாட்டில். இருமினால் மட்டும் இரண்டு மூன்று குமிழி வந்தது.

டாக்டர் சுப்ரஜா பாட்டிலைக் காட்டி ஜேசுபாதத்திடம் பிரத்யேகமாகச் சொன்னார். "நல்லாக் கேட்டுக்குங்க. இந்தக் குமிழி நிக்கணும். நின்னாத்தான் உள்ள ஓட்டை அடைஞ்சிருக்குன்னு அர்த்தம். நின்னா சந்தோஷப்படணும், பயப்படக் கூடாது."

"சரிம்மா" என்றார் ஜேசுபாதம். சும்மா தலையாட்டவில்லை, புரிந்துகொண்டுதான் சொன்னார். சாயங்காலம் வந்த நேவிஸுக்கு அவரே விளக்கினார். பக்கத்துக் கட்டில்காரருக்கும் விளக்கினார். கடலில் ஒரு கணக்கு, ஆஸ்பத்திரியில் ஒரு கணக்கு என்று சொல்லிச் சிரிக்கவும் செய்தார். தலை கேட்டுக்கொண்டது. கைக்கு யாரும் சொல்லவில்லை.

நர்ஸ் முத்துக்கனி உடன்குடிப் பக்கம், கண்டிப்பான பெண். கட்டிலருகே ஸ்டூலில் உட்கார்ந்திருந்த ஜேசுபாதம் தன்னை அறியாமல் அந்தக் குழாயை எடுத்து முழங்கையில் ஒரு வளைவு போட்டு வைத்திருந்ததை அவள்தான் முதலில் பார்த்தாள்.

"அண்ணாச்சி, கொழாய விடுங்க. அது என்ன வெளையாட்டுச் சாமானா?"

அவர் வெட்கப்பட்டுக் கீழே விட்டார். அவள் அந்தப் பக்கம் போன சற்று நேரத்தில் குழாய் மறுபடியும் முழங்கையில் இருந்தது. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பது சும்மா சொன்ன பேச்சு இல்லை.

மறுநாள் மத்தியானம். நேவிஸ் வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு, பனிமய மாதா கோயிலில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வருவதாகச் சொல்லிப் போயிருந்தாள். கிளைட்டன் தூங்கினான். வெயில் ஜன்னல் வழியாகக் கட்டில் கால்வரை வந்து கிடந்தது. பல நாள் தூக்கம் கெட்ட ஜேசுபாதம் ஸ்டூலிலேயே சுவரில் சாய்ந்து கண்ணயர்ந்தார். குழாய் முழங்கையில் கிடந்தது. கொஞ்சம்தான் தூங்கியிருப்பார். திடுக்கென்று விழித்துத் தண்ணீரைப் பார்த்தார்.

தண்ணீர் அசையாமல் இருந்தது.

அந்த நேரத்தில் அவர் எங்கே இருந்தார் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆஸ்பத்திரியில் இல்லை என்பது மட்டும் நிச்சயம். "ஏலே, நின்னுட்டு!" என்று வார்டே அதிர ஒரு கத்தல். வலது காலைக் கட்டில் காலில் முட்டுக்கொடுத்தார். உடம்பைப் பின்னால் சாய்த்தார். கைக்குக் கை மாற்றி இழுத்தார். பாரத்தோடு ஒரு ஆளையே அடியிலிருந்து தூக்கிய கை. குழாயைப் பிடித்திருந்த இரண்டு நூல் தையல் அதற்கு எம்மாத்திரம்? குழாய் முழுசாக வெளியே வந்து அவர் மடியில் ரத்தத்தோடு விழுந்தது.

கிளைட்டன் கத்தவில்லை. கண்ணை அகலத் திறந்து, வாயைத் திறந்து, காற்றைத் தேடினான். விலாவில் இருந்த ஓட்டை உஸ் என்று காற்றை இழுத்தது. அந்தச் சத்தத்தில்தான் ஜேசுபாதத்துக்குத் தான் எங்கே இருக்கிறோம் என்று தெரிந்தது. முத்துக்கனி ஓடிவந்து தன் உள்ளங்கையை அந்த ஓட்டையில் வைத்து அமுக்கிக்கொண்டு டாக்டரைக் கூப்பிட்டுக் கத்தினாள். கட்டிலைத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். குழாயைக் கையில் வைத்துக்கொண்டு அவர் அங்கேயே நின்றார்.

"சும்மா கெடந்த சங்க ஊதிக் கெடுத்த கதையால்லா இருக்கு" என்று பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி சொன்னாள். அவள் கெட்டவள் இல்லை. பார்த்ததைச் சொன்னாள்.

வேறு குழாய் போட்டார்கள். இந்தத் தடவை பாட்டிலில் குமிழி பொங்கிற்று, கூடவே ரத்தமும் வந்தது. குழாயின் நுனி உள்ளே தைத்த இடத்தில் ஒட்டிக்கொண்டிருந்ததாம். இழுத்த இழுப்பில் நுரையீரலும் கிழிந்திருக்கிறது, உடனே மறுபடியும் கேமராவோடு உள்ளே போக வேண்டும், இப்போது இருக்கிற நிலையில் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்று டாக்டர் சுப்ரஜா நின்றபடியே சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

நேவிஸ் வந்தாள். ஈரத்தலை காயவில்லை. கையில் மாதா கோயில் எண்ணெய்க் குப்பி. வராந்தாவில் யாரோ அவளிடம் பாதி சொல்லியிருந்தார்கள்.

"அவுரு தூக்கத்துல கொழாயப் புடுங்கிட்டாராமே? எந்நேரமும் கையும் காலும் சும்மா கெடக்காது அந்த மனுசனுக்கு. நீ பாத்துக்கிட்டுத்தானண்ணே இருந்த?"

சற்றுத் தள்ளி முத்துக்கனி நின்றாள். ஜேசுபாதத்தைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. வழி திறந்துதான் கிடந்தது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மயக்கத்தில் கிடக்கிறவன் வந்து மறுக்கப் போவதில்லை, ஒருவேளை வரவே போவதில்லை. அந்த நினைப்பு வந்ததற்காகவே அவருக்குத் தன் மேல் அருவருப்பு வந்தது.

"அவன் இல்லளா. நான்தான் இழுத்தேன்."

"என்னது?"

"கண்ணு அசந்துட்டேன். முழிச்சுப் பாத்தா குமிழி நின்னு போச்சு. இழுத்துட்டேன்."

அவளுக்குப் புரிய நேரமாயிற்று. புரிந்ததும் அவள் அழவில்லை, அடிக்கவில்லை. அடித்திருந்தால் அவருக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். "ஒன் கைய நம்பித்தானண்ணே நான் இத்தன வருசமாத் தூங்குனேன்" என்றாள். பிறகு பெஞ்சில் போய் உட்கார்ந்து செபமாலையை எடுத்துக்கொண்டாள். அவர் உட்கார இடம் விடாமல் பெஞ்சின் நடுவில் உட்கார்ந்தாள்.

அந்த ஆஸ்பத்திரியில் ஒரு வழக்கம் உண்டு. அறுவை அறைக்குப் பக்கத்தில் சின்ன அறை ஒன்று. உள்ளே கேமரா பார்ப்பது அங்கே இருக்கிற டிவியிலும் தெரியும். நடுவில் வீட்டு ஆள் ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டுவார்கள். அன்றைக்கும் கூப்பிட்டார்கள். முத்துக்கனி வந்து, யாராவது ஒருத்தர் வாங்க என்றாள்.

நேவிஸ் தலை நிமிரவில்லை. "அவரே போவட்டும். செஞ்சத அவரே பாக்கட்டும்" என்றாள்.

அவர் போனார். ஒரு நாற்காலி, சுவரில் பெரிய டிவி. முதலில் சிவப்பு மட்டும் தெரிந்தது. பிறகு படம் முழுக்க மூடுபனி. கேமரா கண்ணாடியில் ஆவி படிந்துவிட்டதாம். வெளியே எடுத்து வெந்நீரில் முக்கித் துடைத்து மறுபடியும் விட்டார்கள். அதன்பின் துல்லியமாக, கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதுபோல, கிளைட்டனின் நெஞ்சின் உட்புறம் வந்து நின்றது. மேலே விலா எலும்புகள் வளைந்து போயின. கீழே நுரையீரல் காற்றில்லாமல் சுருண்டு கிடந்தது. அதன் மேல் கம்ப்ரசர் புகையும் பீடிப் புகையும் சேர்ந்து படியவைத்த கரும்புள்ளிகள். இத்தனை வருஷம் அந்த மூச்சை மேலே இருந்து காவல் காத்தவர் அது வருகிற இடத்தை முதல் தடவையாகப் பார்த்தார். மனிதன் உள்ளுக்குள் இவ்வளவு மெல்லிசா என்று நினைத்தார்.

ஸ்பீக்கரில் டாக்டர் சுப்ரஜாவின் குரல் வந்தது. உறைந்த ரத்தத்தை உறிஞ்சி எடுப்பதாகச் சொன்னார். சாயம் போடச் சொன்னார். திடீரென்று திரை இருண்டது. ஜேசுபாதத்துக்கு உயிர் போய் உயிர் வந்தது. இருட்டுக்குள் மெல்லப் பச்சை கசிந்து, பரவி, நுரையீரல் முழுவதும் ஒளிர்ந்தது. உச்சியில் மட்டும் ஒரு கிழிந்த ஓரம் கருப்பாகவே நின்றது.

"பச்சையா இருக்கறதெல்லாம் நல்லா இருக்கு" என்றது குரல். "அந்தக் கருப்பு ஓரம் வரைக்கும் எடுக்கணும். இப்ப தண்ணி விட்டுப் பாக்கறோம், பாருங்க."

படம் பழைய நிறத்துக்குத் திரும்பியது. நெஞ்சுக்குள் தண்ணீரை ஊற்றினார்கள். தண்ணீர் ஏறி ஏறி நுரையீரலை மூடிற்று. கேமராவும் தண்ணீருக்குள் இறங்கியது. எங்கும் மங்கலான, ஆடுகிற வெளிச்சம். கடலுக்கு அடியில் இப்படித்தான் இருக்குமோ என்று அவருக்குத் தோன்றியது, அதற்குள் நுரையீரலுக்குக் கொஞ்சம் காற்று கொடுத்தார்கள். கிழிந்த ஓரத்திலிருந்து ஒரு சரமாகக் குமிழி கிளம்பி மேலே போயிற்று.

"இருக்கான்!" ஜேசுபாதம் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "ஆள் இருக்கான்! மாதாவே, இருக்கான்!"

"அதான் ஓட்டை" என்றது ஸ்பீக்கர். "பாத்தீங்களா, எவ்வளவு காத்து போறது."

அவர் உட்கார்ந்தார். தான் சந்தோஷப்பட்டது எதற்கு என்று புரிந்தபோது அழுகை வந்தது. அங்கே யாரும் இல்லை, அதனால் வாய்விட்டு அழுதார்.

தண்ணீரை உறிஞ்சி எடுத்தார்கள். நீள மூக்குள்ள ஒரு கருவி வந்து கருப்பு ஓரத்தைக் கவ்வி, தைத்துக்கொண்டே வெட்டிற்று. வெட்டியதைச் சிறு பையில் போட்டு வெளியே எடுத்தார்கள். மறுபடியும் தண்ணீர் ஏறியது. மறுபடியும் கேமரா உள்ளே இறங்கி, தையல் கோட்டின் அருகே போய் நின்றது. காற்று கொடுக்கச் சொன்னார் டாக்டர். நுரையீரல் மெல்ல உப்பிற்று.

குமிழி வரவில்லை.

இன்னும் கொஞ்சம் காற்று என்றது குரல். வரவில்லை. தண்ணீர் அப்படியே நின்றது. ஜேசுபாதத்தின் இரண்டு கையும் மடியை விட்டுத் தாமாகக் கிளம்பின. முன்னால் டிவியின் ஒயர் தொங்கிக்கொண்டிருந்தது. பிடிக்கப் போன கையைப் பார்த்து அவருக்கே பயம் வந்தது. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து, அதன் மேல் தன் முழுப் பாரத்தையும் போட்டு உட்கார்ந்தார். மாதாவே, வராமல் இருக்கட்டும், வராமல் இருக்கட்டும் என்று வேண்டினார். வாழ்நாளெல்லாம் வரட்டும் வரட்டும் என்று வேண்டிய வாய் அது. ஒவ்வொரு தடவையும் நாக்கு மாற்றிச் சொல்லப் பார்த்தது.

"அடைஞ்சிருச்சு" என்றார் டாக்டர்.

கிளைட்டன் பிழைத்துக்கொண்டான். ஆனால் இனிக் குளிக்கக் கூடாது, ஆயுசுக்கும் கூடாது என்று டாக்டர் சுப்ரஜா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நேவிஸ் தலையை ஆட்டினாள். வராந்தா முனையில் நின்று கேட்ட ஜேசுபாதம் படியிறங்கிப் போய்விட்டார். அப்படியானால் தனக்கும் இனி வள்ளத்தில் வேலை இல்லை என்பதைக்கூட அவர் நினைக்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தவர் மேலே ஏறவில்லை. நேவிஸ் கடந்துபோகும்போது பார்க்காமல் போனாள்.

வார்டுக்குக் கொண்டுவந்த பிறகு கிளைட்டன் தூங்கவில்லை. மாத்திரை கொடுத்தும் தூங்கவில்லை. கண்ணை மூடினால் அடியில் கிடப்பதுபோல் இருக்கிறது, மேலே யாருமில்லை என்று உதறி விழித்தான். தூங்காவிட்டால் தேறமாட்டான் என்று முத்துக்கனி சொன்னாள். கடைசியில் அவன் கேட்டான், "மச்சான எங்க?"

நேவிஸ் அவன் போர்வையைச் சரிசெய்தாள். முத்துக்கனிதான் கீழே போய்க் கூட்டிவந்தாள். ஜேசுபாதம் கட்டிலுக்கு மூன்று முழம் தள்ளி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"மாப்ள, அன்னைக்கு நான்தான்..."

"தெரியும்" என்றான் கிளைட்டன். குரல் காற்றாகத்தான் வந்தது. "ஒன் இழுவை எனக்குத் தெரியாதா? இழுத்ததும், சரி, மேல வந்துட்டோம்னுதான் நெனச்சேன்." மூச்சு வாங்கினான். "இங்கன உக்காரு. நீ உக்காந்தாத்தான் எனக்குக் கண்ணு மூடும்."

"வேண்டாம் மாப்ள. எனக்குப் பயமா இருக்கு."

"எனக்கும்தான் பயமா இருக்கு. உக்காரு மச்சான்."

ஜேசுபாதம் நேவிஸைப் பார்த்தார். அவள் முகத்தில் ஒன்றும் இல்லை. அவர் ஸ்டூலைத் தள்ளிவிட்டு, கைப்பிடி உள்ள நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். இரண்டு கையையும் கைப்பிடிகளின் மேல் வைத்தார்.

"கட்டுளா" என்றார்.

இத்தனை நாள் அழாத நேவிஸ் அப்போது அழுதாள். அழுதுகொண்டே கொடியில் கிடந்த இரண்டு துவாலையை எடுத்து, ஒவ்வொரு மணிக்கட்டையும் கைப்பிடியோடு சேர்த்துச் சுற்றி, வள்ளத்தைக் கரையில் கட்டுவதுபோல இரட்டை முடிச்சுப் போட்டாள். முத்துக்கனி பார்த்தாள், தடுக்கவில்லை.

கிளைட்டன் கண்ணை மூடினான். ஜேசுபாதம் பாட்டிலைப் பார்த்தார். தண்ணீர் அசையாமல் இருந்தது. முதலில் வலது கை வெட்டி இழுத்தது, பிறகு இடது கை. நாற்காலி தரையில் கிரீச்சிட்டது. நெற்றியிலிருந்து வியர்வை கண்ணுக்குள் இறங்கியது, துடைக்கக் கை இல்லை. நேவிஸ் தன் முந்தானையால் துடைத்துவிட்டு, அண்ணனின் கட்டிய கையின் மேல் தன் கையை வைத்து அமுக்கிக்கொண்டு பக்கத்தில் நின்றாள்.

கிளைட்டன் தூங்கிவிட்டிருந்தான்.